மருந்து தெளிப்போரும் தோற்காப்பும்

பூச்சிமருந்து தெளிக்கும் குடியானவர் பலர் மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டால் போதுமென்று எண்ணுகின்றனர். போதாது. தெளிக்குங்கால் மருந்து தேகத்துள் புகும் பிரதான வழி தோலேயாகும்.

தோலின் மேற்புறம் இறந்த உயிரணுக்களாலான மெல்லிய கவசம்; ஏறக்குறைய மாதத்திற்கொருமுறை புதிதாவது. அது அழுக்கையும் கிருமியையும் தடுக்கும். ஆயினும் எண்ணெயிற் கரையும் மருந்துகள் அதனூடே உட்செல்லும். வியர்வையில் நனைந்த தோலிலும், புண்பட்ட தோலிலும், அரையிடுக்கிலும் அவை விரைந்து ஊடுருவும். 2017ஆம் வருஷத்தில் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்தோரில் 20 பேருக்கு மேல் மாண்டதை மறத்தலாகாது.

ஆதலின் ரப்பர்க் கையுறை, முழுக்கைச் சட்டை, நீண்ட காற்சட்டை, பூட்ஸு ஆகியன இன்றி எவரையும் இவ்வேலைக்கு ஏவுதல் தகாது. வயலோரத்திலேயே நீரும் சோப்பும் இருத்தல் வேண்டும். மருந்து சிந்தினால், நனைந்த உடையை உடனே களைந்து தோலைக் கழுவுக. அவ்வுடையை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தல் கூடாது.

இச்செலவைக் கூலியாளின் தலையிற் சுமத்துவது நியாயமன்று. மருந்துக்குப் பணங் கொடுக்கும் நிலக்காரரே சோப்புக்கும் கையுறைக்கும் கொடுக்கக் கடமைப்பட்டவர். பயிரைக் காக்கும் கையையும் காப்பதே முறையான விவசாயம்.