பாதி வரலாறு போதாது

கோவை பீளமேட்டின் வரலாறு என்றதும் எல்லோரும் ஒரு கொடையைச் சொல்வார்கள். சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு எழுதி வைத்தார்கள். 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படித்தான் பிறந்தது. எத்தனையோ தலைமுறைகளைப் படிக்க வைத்த கொடை அது. அதற்குரிய புகழ் அதற்குக் கிடைத்தே தீர வேண்டும்.

ஆனால், இந்த ஊரை வளர்த்தது கொடை மட்டுமல்ல. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் ஆலைகள் பெருகின. மானாவாரிக் காடு கைவிட்ட குடும்பங்கள் சங்கு ஊதுமுன் தூக்குப்போசியோடு மில்லுக்கு நடந்தன. பஞ்சுத் தூசியை மூச்சில் வாங்கியவர்கள், வேலை கிடைக்குமா என்று வாசலில் காத்து நின்ற பதிலிகள், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு நூல் இழுத்த பெண்கள். இவர்களுடைய பெயர்களை எந்த நூற்றாண்டு மலர் அச்சிட்டது?

1946 ஜனவரி 8 அன்று ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்: ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொடர்ந்து மூண்ட மோதலில் ஓர் ஆள் இறந்த வழக்கு அது. இந்த நால்வருக்கும் சின்னியம்பாளையம் தியாகிகள் என்று தொழிற்சங்கத்தார் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள். அவர்களை நினைப்பது சங்கத்தாரின் வேலை மட்டுமா? அவிநாசி சாலையில் அன்றாடம் போய்வரும் கல்லூரி மாணவருக்கு அந்த நான்கு பெயர்களும் தெரியாதென்றால், குற்றம் மாணவருடையது அல்ல. சொல்லாமல் விட்ட நம்முடையது.

இங்கிலாந்தில் 1899இல் தொடங்கிய விக்டோரியா மாவட்ட வரலாற்றுத் திட்டம் இன்றும் சிற்றூர் சிற்றூராக எழுதிக்கொண்டிருக்கிறது. அங்கே ஸ்டயல் என்ற ஊரில், 1784இல் எழுந்த குவாரி பேங்க் பஞ்சாலையில், முதலாளி குடும்பத்தின் கதையோடு, வேலைக்கு வைக்கப்பட்ட ஏழைக் குழந்தைகள் தங்கிய வீட்டையும் காட்டுகிறார்கள். தங்களுக்குப் பெருமை தராத பக்கத்தை அவர்கள் கிழித்தெறியவில்லை.

நாமோ ஆலைகளை இடித்து அடுக்ககம் கட்டுகிறோம். மஸ்டர் ரோலும் சம்பளப் பேரேடும் எடைக்குப் போகின்றன. முதலாளியின் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் தொழிலாளியின் பெயரைப் பழைய காகிதக் கடைக்கு அனுப்புவது அநீதி. அதற்கு வேறு பெயர் கிடையாது.

பீளமேட்டுக் கல்லூரிகளின் வரலாறு, தமிழ்த் துறைகள் ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்களின் பேச்சை உடனே ஒலிப்பதிவு செய்யட்டும். ஆலை நிர்வாகங்கள் மிஞ்சிய பேரேடுகளைக் கொடுக்கட்டும். மாநகராட்சி ஓர் அருங்காட்சியகத்துக்கு இடம் ஒதுக்கட்டும். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் மில் அடையாள அட்டையோ சங்க ரசீதோ இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.