வேகம் என்னும் கேடயம்

போக்கிமொன் போட்டிகளில் புதிதாக இறங்கும் இளைஞர் பலரும் முதலிற் காதல் கொள்வது அதிவேகத் தாக்குநரின் மீதுதான். உடல் மெலிந்தது, அடி பெரியது, எவரையும் முந்திக் கொள்வது. அதனை ஆட்டத்தின் முதலாவது சுற்றிலேயே களத்தில் இறக்கி, மூன்றாவது சுற்றிற் பறிகொடுத்துவிட்டு, "இது உதவாது" என ஒதுக்கியும் விடுகின்றனர். பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர் சிலரும், அது பொறுமையற்றோரின் கருவி என்று கூறி இதற்கு ஒத்து ஊதுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஓர் அணியின் ஆறு பேரில் ஆகக் கூடுதலான பொறுமையை வேண்டி நிற்பது இந்த மெலிந்த தாக்குநரே என்பது எனது துணிபு.

அலகசாமையே எடுத்துக் கொள்வோம். 1996இல் ஜப்பானில் வெளியான முதற் பதிப்புகளிலிருந்தே அது உண்டு. உயிர்ப்புள்ளி 55, தற்காப்பு 45, வேகம் 120. விசேட ஆற்றல் 135. அக்காலத்தில் விசேடத் தாக்குதலுக்கும் விசேடத் தற்காப்புக்கும் ஒரே எண்தான் என்பதால், அந்த 135 அதற்கு வாளாகவும் கேடயமாகவும் பயன்பட்டது. போதாக்குறைக்கு, வேகம் கூடியவருக்கே கடும் அடி விழும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. 1999இல் வந்த கோல்ட், சில்வர் பதிப்புகள் அந்த எண்ணை இரண்டாகப் பிரித்தன. தாக்குதல் 135 ஆகவே இருக்க, விசேடத் தற்காப்பு 85 ஆயிற்று. அதன் பின்னர் அலகசாமுக்கு எஞ்சிய உண்மையான கேடயம் வேகம் ஒன்றுதான்.

இங்கேதான் பலர் தவறிழைக்கின்றனர். ஒரு சுற்றில் இருவரும் தத்தம் உத்தியைத் தெரிவு செய்த பின்னர், வேகம் கூடியவர் முதலில் அடிக்கிறார். அந்த அடியில் எதிரி வீழ்ந்தால் திருப்பியடிக்க எவரும் இல்லை. ஆகவே தேவைப்படுவது எதிரியை விட ஒரு புள்ளி மாத்திரமே. நூறு புள்ளி கூடினாலும் முதலில் அடிப்பது ஒரு முறைதான். ஒரு புள்ளி குறைந்தாலோ, முந்தும் உரிமை முழுவதுமே போய்விடும். சமமாயின் நாணயம் சுண்டிய கதை.

இதனை நான் கற்றுக் கொண்டது தோல்வியினால். முழுப் பயிற்சி பெற்ற நூறாம் நிலை அலகசாமுக்கு 'டிமிட்' என்னும் அச்ச சுபாவம் வாய்த்தால் விசேடத் தாக்குதல் 369, வேகம் 372. 'மொடெஸ்ட்' என்னும் அடக்க சுபாவமாயின் தாக்குதல் 405, வேகம் 339. அந்த 36 புள்ளி ஆற்றலுக்கு ஆசைப்பட்டு நான் பின்னையதைத் தெரிவு செய்திருந்தேன். எதிரே நின்றது டைரனிடார். மலை போன்ற உடல், இயல்பில் மந்தமானது. ஆனால் அதன் உரிமையாளர் தம் பங்குக்கு ஆற்றலைத் துறந்து வேகம் கூட்டும் சுபாவத்தைத் தெரிவு செய்து, வேகத்தை ஒன்றரை மடங்காக்கும் சொய்ஸ் ஸ்கார்ஃபையும் அணிவித்திருந்தார். 243 என்பது 364 ஆயிற்று. எனது 339 என்ன செய்யும்? என் அலகசாம் கையை உயர்த்தும் முன்னரே வீழ்ந்தது. அச்ச சுபாவமாக இருந்திருந்தால் எட்டுப் புள்ளியால் நான் முந்தியிருப்பேன். (முந்தியிருந்தாலும், டைரனிடாரின் மீது நான்கு மடங்கு தாக்கம் விளைவிக்கும் போகஸ் பிளாஸ்ட் பத்துக்கு ஏழு முறைதான் இலக்கைத் தொடும் என்பது வேறு விடயம். அந்த உத்தியைச் சபிக்காத அலகசாம்காரர் எவரையும் நான் அறியேன்.)

வேகத்தையே பொருட்படுத்தாத எதிரிகளும் உளர். சைசரின் புல்லட் பஞ்ச், வேகக் கணக்கை ஓரம் தள்ளிவிட்டு முன்னுரிமையோடு வருவது. அதன் ஆற்றல் 40 மட்டுமே. ஆயினும் 45 தற்காப்புக் கொண்ட உடலுக்கு, முன்னரே சிறிது காயம் பட்டிருந்தால் அதுவே முடிவு. இதற்கெல்லாம் மருந்தெனப் பலர் போகஸ் சாஷை நீட்டுவர். முழு உயிருடன் இருக்கும்போது வரும் மரண அடியை ஒரேயொரு புள்ளி உயிருடன் தாங்கிக் கொள்ளச் செய்யும் பொருள் அது. 2006இல் டயமண்ட், பேர்ல் பதிப்புகளில் அறிமுகமாயிற்று. அதே பதிப்புகளில்தான், களத்தில் நுழைபவரின் உயிரில் ஒரு பங்கைக் குறைத்துச் சாஷைப் பயனற்றதாக்கும் ஸ்டெல்த் றொக்கும் வந்தது. மஜிக் கார்ட் என்னும் திறன் வாய்த்த அலகசாம் இக்கற்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை, மறுப்பதற்கில்லை. ஆனால் சாஷ் வாங்கித் தருவது ஒரு சுற்றை. அதனை நம்பி அஜாக்கிரதையாக இறக்குவோர் அந்த ஒரு சுற்றையும் வீணடிக்கவே கண்டிருக்கிறேன்.

வேறு வழி உண்டு. ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றினால், புதிதாக வருபவரே அச்சுற்றின் அடியை வாங்க வேண்டும். அலகசாமால் அது ஆகாது. அதனாற் பெயரிலேயே மந்தத்தைச் சுமக்கும் ஸ்லோபுரோவை முன்னே நிறுத்துவேன். அடிப்படை வேகம் 30. அண்மைக் காலப் பதிப்புகளில் அதன் டெலிபோர்ட் உத்தி சுற்றின் இறுதியிலேயே நிகழும். எதிரியின் அடியைத் தன் பருத்த உடலில் வாங்கிக் கொண்டு, அதன் பின்னரே அது விலகும். அலகசாம் சிராய்ப்பின்றி உள்ளே வரும். அதற்கு முன்னரே ஸ்கார்ஃப் அணிந்தவர் யார், முன்னுரிமை உத்தி எவரிடம் உண்டு என்பதை ஏனைய நால்வரைக் கொண்டு அறிந்து, அவர்களைக் களத்திலிருந்து அகற்றியிருத்தல் வேண்டும். பத்துப் பதினைந்து சுற்றுகள் அலகசாம் வெளியே தலை காட்டாமலே கழிந்துவிடும். எதிராளியோ அது எப்போது வருமோ என அஞ்சி, தம் ஆட்களைத் தாராளமாகப் பயன்படுத்தத் தயங்குவார். அந்தத் தயக்கமும் அலகசாம் அடித்த அடிதான்.

என் மகன் இதனை ஏற்பதில்லை. இன்னமும் முதலாவது சுற்றிலேயே இறக்குகிறான். சில வேளைகளில் வென்றும் விடுகிறான்.