நாளுக்கு நூறு போற்றி



பாணைப் பிய்த்து வாயில் வைப்பதற்கு முன் கைகளைக் கழுவி, மண்ணிலிருந்து உணவை வரச் செய்யும் இறைவனைப் போற்றி ஒரு வரி சொல்வது யூத மக்களின் வழக்கம். எபிரேய மொழியில் இதனைப் ‘பெராகா’ என்பார்கள். நாம் போற்றி என்று வைத்துக்கொள்வோம். இது எதையும் கேட்டுச் செய்யும் மன்றாட்டு அல்ல. முன்னால் இருப்பதை ஒரு கணம் பார்த்து, இதைத் தந்தவர் யார் என்று சொல்லிவிட்டு உண்பது, அவ்வளவுதான்.

நாளொன்றுக்கு 100 போற்றிகள் சொல்ல வேண்டும் என்பது ரபி மெயிர் என்ற பழைய காலத்து அறிஞரின் கூற்றாகத் தல்மூத் நூலில் பதிவாகியிருக்கிறது. மூன்று வேளைத் தொழுகையிலேயே 57 வந்துவிடும். மிகுதியில் பல குசினியிலும் முற்றத்திலும் சொல்லப்படுபவை. மரத்தின் கனிக்கு ஒன்று, நிலத்தின் விளைச்சலுக்கு வேறொன்று. மாம்பழம் மரத்தின் கனி. வாழைப்பழமோ நிலத்தின் விளைச்சல்! குலை போட்ட வாழை பட்டுப்போய், அடியிலிருந்து குட்டி முளைப்பதால் அதனை மரமாகக் கணக்கெடுப்பதில்லை. வாழை வைத்துப் பழகிய நாம் இதை மறுக்க முடியுமா? இடி முழங்கினால் ஒன்று, வானவில்லைக் கண்டால் ஒன்று. மலசலகூடம் போய் வந்து கை கழுவியபின் கூட ஒன்று உண்டு. உடலின் துவாரங்களில் ஒன்று அடைபட்டாலும் உயிர் நிலைக்காது என்பதை நினைத்துச் சொல்வது. சிரிக்காதீர்கள். வைத்தியசாலைக் கட்டிலருகே நாட்கணக்கில் இருந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

காலையில் ஆண்கள், தம்மைப் பெண்ணாகப் படைக்காததற்காகச் சொல்லும் போற்றியும் இந்த வரிசையில் இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. இன்று பல சபைகள் அதனை மாற்றிவிட்டன அல்லது நீக்கிவிட்டன.

சரி, கெட்ட செய்தி வந்தால்? ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூல், நன்மைக்குப் போலவே தீமைக்கும் போற்றி சொல்ல வேண்டும் என்கிறது. மரணச் செய்தி கேட்டவர் இறைவனை உண்மையின் நீதிபதி என்று அழைக்க வேண்டும். பெற்றோரை, துணையை, பிள்ளையை, உடன்பிறப்பை இழந்தவர் அதைச் சொல்லித் தமது உடையையும் கிழிப்பார். முதலில் வாசித்தபோது எனக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்க் கடவுளைப் போற்று என்பதா? பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நற்செய்தி கேட்டால் கடவுளை நல்லவர் என்கிறார்கள். மரணத்தில் அந்தச் சொல் இல்லை. இழந்தவளை நன்றி சொல்லும்படி யாரும் கேட்கவில்லை.

அதுமட்டுமல்ல. இறந்தவரின் உடல் அடக்கம் செய்யப்படாதிருக்கும் வரை, நெருங்கிய உறவினர் தொழுகையிலிருந்தும் அன்றாடப் போற்றிகளிலிருந்தும் விடுவிக்கப்படுகிறார். பாண் உண்டாலும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அவருடைய கடமை இறந்தவருக்கு மட்டுமே.

தப்பி வந்தவர்களுக்கும் ஒரு போற்றி இருக்கிறது. கடலைக் கடந்தவர், பாலைவனத்தைக் கடந்தவர், நோயிலிருந்து எழுந்தவர், சிறையிலிருந்து விடுபட்டவர் என நால்வரைத் தல்மூத் குறிப்பிடுகிறது. இதனைத் தனியே முணுமுணுத்துவிட்டுப் போக முடியாது. பத்துப் பேர் முன்னிலையில் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் பதிலுக்கு வாழ்த்த வேண்டும். ஒருவர் தப்பி வந்ததை ஊர் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாவற்றிலும் என் மனதை விட்டு அகலாதது இன்னொன்று. அன்புக்குரிய ஒருவரை 30 நாட்களுக்குப் பின் கண்டால், இந்நாள்வரை எம்மை வாழவைத்தவர் என்று இறைவனைப் போற்றுவார்கள். பன்னிரண்டு மாதங்கள் கடந்து கண்டால் சொல்லும் போற்றி வேறு. இறந்தோரை உயிர்ப்பிப்பவர் என்று அப்போது சொல்ல வேண்டும். இடையில் கடிதமோ செய்தியோ கிடைத்திருந்தால் இதைச் சொல்வதில்லை என்று பிற்காலத்து அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு தகவலும் இல்லாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு உரிய போற்றி அது.