எது அசோகு?

அசோக மரம் எது என்று கேட்டால், நம்மவரில் பலர் பள்ளிக்கூட மதிலோரம் ஈட்டிபோல் நெடுக வளர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தையே காட்டுகின்றனர். நாற்றுப் பண்ணைகளிலும் அப்பெயராலேயே அது விற்கப்படுகிறது. பெயரில் என்ன என்று சிலர் நினைக்கலாம். பட்டைக்காக மரம் வளர்ப்பவருக்கும், அப்பட்டையை மருந்தாக உண்பவருக்கும் பெயரில்தான் எல்லாம் இருக்கிறது.

உண்மையான அசோகு, பிண்டி என்றும் செயலை என்றும் பழந்தமிழில் பெயர் பெற்றது. சமணர் அருகனை அதன் நிழலிலே அமர்த்தி வணங்கினர். அது புளிய மரத்துக்கு உறவு. நெட்டிலிங்கமோ சீத்தா மரத்தின் இனம். அசோகின் ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இணை இணையாக அமைந்திருக்கும். தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். மாசி, பங்குனியில் மஞ்சளாகப் பூத்து நாளடைவில் சிவக்கும் கொத்துகள் முதிய கிளைகளிலும் அடிமரத்திலுமே வெடித்துவரும். நெட்டிலிங்கத்தில் ஓரம் நெளிந்த தனியிலையும் கவனிப்பாரற்ற பசும்பூவுமே உண்டு. ஒருமுறை இரண்டையும் அருகருகே பார்த்தவர் பிறகு ஏமாறமாட்டார்.

ஆனால் உரித்துக் காயவைத்த பட்டையில் இலையும் இல்லை, பூவும் இல்லை. பெரும்பாடு முதலிய பெண்களின் நோய்களுக்குச் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் அசோகப் பட்டையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அப்பெயரில் நெட்டிலிங்கப் பட்டை கலக்கப்படுவது மருந்துச் சந்தையில் பழகிப்போன மோசடி. போலிச் சரிகையால் நல்ல சேலைக்கும் விலை குறைந்த கதையை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கலப்படத்திற்குக் காரணம் மரத்தின் அருமையே. காட்டில் கண்டபடி பட்டை உரித்ததனால், 1998-ஆம் ஆண்டிலேயே இம்மரம் உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயமுள்ளவற்றுள் சேர்க்கப்பட்டது. வளர்ச்சியோ மிக மெதுவானது. பட்டை முதிர 15, 20 ஆண்டுகள்கூட ஆகும். கடன் தவணை கட்டும் குடியானவர் ஒருவர் அவ்வளவு காலம் காத்திருப்பாரா? காத்திருக்கமாட்டார், அவரைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை.

ஆகவே இதைச் சங்கமே மேற்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தனி நிலம் ஒதுக்க வேண்டியதில்லை. இளமையில் நிழலும் ஈரமும் நாடும் மரமாதலால், தென்னந்தோப்பின் இடைவெளியும் வாய்க்கால் கரையும் போதும். விதை முளைக்கும் திறனை விரைவில் இழக்குமாதலால், உதிர்ந்தவுடன் பொறுக்கி நாற்றுவிட வேண்டும். நின்ற மரத்தைச் சுற்றிலும் உரித்தால் அது பட்டுவிடும்; அடியில் சிறிது விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

கைத்தறித் துணிக்கு 2006-இல் மத்திய அரசு முத்திரை ஏற்படுத்தியது. அதுபோல நம் தோப்புப் பட்டைக்கும், நட்ட ஆண்டும் இடமும் குறித்த சங்கச் சீட்டு ஒன்று இருக்கட்டும். முதற்படியாக, தத்தம் ஊரில் இலை பார்த்து உறுதிசெய்த அசோக மரங்களை அங்கத்தினர்கள் காரியதரிசிக்கு எழுதித் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். காய் முற்றுமுன் விதைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.