முதலில் கணக்கைக் காட்டுங்கள்

கடன்பட்டவனின் நெஞ்சத்தையும் இலங்கை வேந்தனின் கலக்கத்தையும் இணைத்துப் பேசும் அந்தப் புகழ்பெற்ற வரியைக் கம்பன் எழுதியதாகவே மேடைதோறும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கம்பராமாயணத்தில் அப்படியொரு வரி இல்லை. கம்பனில் தோய்ந்தவர்கள் இதைப் பலமுறை எடுத்துச் சொல்லியாகிவிட்டது, பயனில்லை. கம்பன் எழுதாத ஒன்று கம்பன் பேரேட்டில் பற்று வைக்கப்பட்டுவிட்டது. ஏட்டைக் காட்டு என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. ஏனெனில் கடனைப் பற்றி நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதை அந்த வரி உறுதிசெய்கிறது: கடன்பட்டவன் என்றால் கலங்கத்தான் வேண்டும்.

எனக்குச் சண்டை இந்த நம்பிக்கையோடுதான். வசூலுக்கு வருபவரிடம் இருக்கும் ஒரே மூலதனம் இதுவே. அவர் கையில் நீதிமன்றத் தீர்ப்பு இல்லை, பெரும்பாலும் கடன் பத்திரத்தின் நகல்கூட இல்லை. நம்முடைய கூச்சம் மட்டும் இருக்கிறது. அதை அவர் நம்மிடமிருந்தே பெற்று நமக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்.

"வாங்கினால் கட்டத்தானே வேண்டும்?" என்பார்கள். கட்டத்தான் வேண்டும், யார் மறுத்தது? ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் மறைக்கப்படுகின்றன. வாங்கினேனா, வாங்கியிருந்தால் எவ்வளவு என்பது ஒன்று. வாங்கியதாகவே வைத்துக்கொண்டாலும், என் அண்டை வீட்டுக்காரர் முன்னிலையில் என்னை இழிவுபடுத்த உமக்கு உரிமை தந்தது யார் என்பது மற்றொன்று. பணம் கேட்பவர் ஒரு வழக்கை முன்வைக்கிறார். அதை நிறுவும் பொறுப்பு அவருடையது. உப்புக்கும் புளிக்கும் பற்று எழுதும் மளிகைக்கடைக்காரர்கூடச் சிட்டையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறார்.

கடன் விற்கப்படும்போது ஒலிக்கும் குரலைக் கவனித்திருப்பீர்கள். "வணக்கம் சார், உங்களுக்கென்றே முன்கூட்டி அனுமதிக்கப்பட்ட கடன்" என்று அது குழையும். மூன்று தவணை தவறட்டும். அதே நிறுவனத்தின் பெயரால் இன்னொரு குரல் வரும்: "எங்க இருக்கே? எப்பக் கட்டுவே?" நீங்கள் என்பதிலிருந்து நீ என்பதற்கு இறங்க ஒரு வங்கிக்குத் தொண்ணூறு நாள் போதும். அறுபது வயது மனிதரை இருபத்தைந்து வயது இளைஞர் ஒருமையில் விளிப்பது ஏதோ தற்செயலான முரட்டுத்தனம் என்று நான் நினைக்கவில்லை. தமிழில் மரியாதை விகுதியைப் பறிப்பது ஒரு தண்டனை. தொட்டால்தான் அடி என்று கருதும் சட்டத்தின் கண்ணுக்கு அது தெரிவதில்லை, அடிபட்டவருக்குத் தெரியும். (அந்த இளைஞர் மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. வசூலாகும் தொகையில் விழும் கமிஷனை நம்பி வாழ்பவர். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கே தவணை பாக்கி இருக்கக்கூடும். அவரை அந்த நாற்காலியில் அமர்த்திவிட்டு, "அவர் எங்கள் ஊழியர் அல்லர்" என்று கைகழுவும் கனவான்கள்மீதுதான் கோபம்.)

சட்டம் இதையெல்லாம் அனுமதிக்கிறதா? இல்லை. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கட்ட வழியில்லாத ஏழ்மைக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைக்கலாகாது என்று தீர்ப்பளித்தார். "நாளைக்கே உள்ளே தள்ளிவிடுவோம்" என்று தொலைபேசியில் மிரட்டுபவர் அந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். 2007இல் ஐசிஐசிஐ வங்கிக்கும் பிரகாஷ் கௌர் என்பவருக்கும் இடையிலான வழக்கில், அடியாட்களை வைத்துக் கடனை மீட்கக் கூடாது, சட்டம் வகுத்த வழியில் மட்டுமே மீட்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மறு ஆண்டு ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வசூல் முகவர் அங்கீகாரக் கடிதத்தோடு வரவேண்டும். கடன்தாரர் முறையீடு ஒன்றைப் பதிந்திருந்தால் அது தீரும்வரை அக்கணக்கை முகவரிடம் ஒப்படைக்கலாகாது. வீண்வம்புக்காகத் திரும்பத் திரும்ப முறையிடுபவருக்கு மட்டும் இதில் விலக்கு. முகவர் செய்யும் அத்தனைக்கும் வங்கியே பொறுப்பு. 2022 ஆகஸ்டில் வந்த இன்னொரு சுற்றறிக்கை, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்றது. அடுத்த மாதமே ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில், தவணை பாக்கிக்காகப் பறித்துச் செல்லப்பட்ட டிராக்டரின் சக்கரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் நசுங்கி இறந்தார்.

கந்துவட்டிக் கதையும் இதுவேதான். தமிழ்நாட்டில் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது 2003இல். பதினான்கு ஆண்டுகள் கழித்து, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இரு குழந்தைகளோடு ஒரு குடும்பமே தீக்கிரையானது. அதற்குமுன் அதே அலுவலகத்தில் மனுக் கொடுத்தவர்கள் அவர்கள். 2025இல் சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராக மேலும் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லை என்பதல்ல நம் குறை. பெருமுதலாளிகள் ஆயிரம் கோடிகளோடு லண்டனுக்குப் பறந்ததை இங்கே இழுக்கவும் எனக்கு விருப்பமில்லை. அவர்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் என் வாதம் மாறப்போவதில்லை.

நம் வீடுகளுக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர் என் நெடுநாள் நண்பர். 2022ஆம் ஆண்டின் இறுதியில், அவர் கேட்காமலே ஒரு வங்கியின் கடனட்டை தபாலில் வந்தது. உறையோடு அலமாரியில் வைத்துவிட்டார். ஆண்டுக் கட்டணம் என்று 499 ரூபாய் அவர் கணக்கில் ஏறியது. அதற்கு வரி, தாமதக் கட்டணம், அதற்கும் வட்டி. மூன்றாம் ஆண்டில் பதினான்காயிரத்துச் சொச்சம். வங்கி அவருக்கு எழுதவில்லை. வசூல் முகவர் அவருடைய மருமகனுக்குத் தொலைபேசினார். சம்பந்தி வீட்டில் செய்தி பரவியது. பெண்ணும் மனைவியும் சேர்ந்து சொன்னது ஒன்றே: "கட்டித் தொலையுங்கள், மானம் போகிறது."

இந்தப் பதினான்காயிரத்தைக் கட்டிவிடுகிற வீடுகள்தான் அதிகம் என்பது என் ஊகம். மானத்துக்கு அது மலிவான விலை என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும் என்றுதான் அழைப்பு மருமகனுக்குப் போகிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி வகுக்கும்வரை, கைப்பேசிச் செயலிகள் வழியே கடன் கொடுத்தவர்கள் முதலில் கைப்பற்றியது நம் தொடர்பு எண்களின் பட்டியலைத்தான். ஈடாக நகையோ நிலமோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நண்பர் நாற்பது ஆண்டுகள் பதிவேட்டில் ஏற்றாமல் ஒரு புத்தகத்தையும் வெளியே விடாதவர். பதிவைக் காட்டச் சொன்னார். தொலைபேசியில் "எழுத்தில் அனுப்புங்கள்" என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத்தபால் அனுப்பினார்: நான் கையொப்பமிட்ட விண்ணப்பம் எங்கே, நான் வாங்கிய பொருள் எது, எந்தத் தேதியில், தொகையின் பகுப்பு என்ன, என் மருமகனுக்குத் தொலைபேசியவரின் பெயரும் அங்கீகாரக் கடிதமும் எங்கே? முப்பது நாள் பதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு முறையிட்டார். அதற்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. கடன் தகவல் நிறுவனத்திடம் ஆண்டுக்கொருமுறை இலவசமாகத் தரவேண்டிய அறிக்கையைப் பெற்று, அதிலிருந்த பதிவையும் மறுத்து எழுதினார்.

அவர் கடன் புதிது. பழைய கடன் என்றால் இன்னொரு பொறி உண்டு. ஈடில்லாத கடனுக்கு வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு. கெடு முடியுமுன் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்த மூன்றாண்டு புதிதாகத் தொடங்குகிறது. கெடு முடிந்தபின்பும், தருகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்டால் அது செல்லும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். "சும்மா ஐந்நூறு ரூபாய் போடுங்கள், ஒரு கையெழுத்து மட்டும்" என்று குரல் திடீரென்று இளகினால் ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடன் கைமாறி விற்கப்பட்டிருந்தால் விற்பனை ஆவணத்தையும் கேட்கவேண்டும். கொடுத்தவர் ஒருவர், கேட்பவர் இன்னொருவர் என்ற நிலையில், நான் உங்களுக்கு ஏன் தரவேண்டும் என்பது விதண்டாவாதம் ஆகாது.

இரண்டு மாதம் கழித்து வங்கி நண்பருக்கு எழுதியது. நல்லெண்ண அடிப்படையில் தொகை முழுவதையும் தள்ளுபடி செய்கிறார்களாம். வீட்டில் பாயசம் வைத்தார்கள். நண்பர் அன்றே அடுத்த பதிவுத்தபாலை எழுதினார். தள்ளுபடி என்பது இருந்த கடனுக்குச் செய்வது. இல்லாத கடனை ரத்து செய்யவேண்டும், தகவல் அறிக்கையில் அதன் தழும்புகூட இருக்கக் கூடாது. மேலும், கேளாமல் கடனட்டை அனுப்பினால் திரும்பப்பெறும் கட்டணத்தின் இருமடங்கை அபராதமாகத் தரவேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதியைச் சுட்டி, இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் வங்கி தமக்குத் தரவேண்டியிருக்கிறது என்று பைசா சுத்தமாகக் கணக்கெழுதி இணைத்திருந்தார். அது இன்னும் வரவில்லை. அதற்காக அவர் எந்த அதிகாரியின் மருமகனுக்கும் தொலைபேசவில்லை.