போதை ஒழியட்டும், வேலை ஒழிய வேண்டாம்!

ஆலை வாசல்களில் இப்போது ஒரு தட்டியைப் பார்க்கிறோம்: “போதையற்ற தொழிற்கூடம்.” நல்ல வாசகம்தான். நாம் அதை எதிர்க்கவில்லை. ஓடுகிற இயந்திரத்தின் முன் தள்ளாடி நிற்பவர் தன் கையை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் தோழரின் உயிரையும் பணயம் வைக்கிறார். சம்பளம் சாராயக் கடையில் கரைந்தால் வீட்டில் உலை ஏறாது. இதை முதலாளி வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் போதும்.

ஆனால், தட்டிக்குப் பின்னால் திட்டம் என்ன இருக்கிறது?

சில வருஷங்களுக்கு முன் ஒரு பஞ்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்பின்னிங் பிரிவில் 18 வருஷம் உழைத்த தொழிலாளி. ஆள் குறைவு என்று வாரக்கணக்கில் அவருக்கு இரவு ஷிப்டு. விடிந்த பிறகும் நிறுத்தி வைப்பார்கள். கண் அயராமல் இருக்க வாயில் புகையிலையை அடக்கினார். பகலில் தூக்கம் வராமல் குடித்தார். ஒரு நாள் வாசலில் அவர் வாயை முகர்ந்து பார்த்தார்கள். மறுநாள் சார்ஜ் ஷீட். மூன்றாம் மாதம் டிஸ்மிஸ். குடி நின்றதா? இரு மடங்காயிற்று! மூத்த மகள் படிப்பை நிறுத்திவிட்டு வேறொரு ஆலைக்கு வேலைக்குப் போனாள்.

சங்கத்தில் நாங்களும் தவறினோம். அவர் குடிப்பது தெரிந்தும், அது அவருடைய சொந்த விஷயம் என்று இருந்துவிட்டோம். சார்ஜ் ஷீட் வந்த பிறகே விழித்தோம்.

தொழிலாளியின் வாயை முகரும் நிர்வாகங்கள் தங்கள் கையையும் பார்க்கட்டும். தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் சுமார் 100 பெண்களை விசாரித்து, 2019இல் ஒரு செய்தி நிறுவனம் உண்மையை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் ஓய்வு கிடையாது. பெயரில்லாத மாத்திரையை மேற்பார்வையாளர் கொடுப்பார், விழுங்கிவிட்டு மெஷினில் உட்கார வேண்டும். உற்பத்தி நிற்கக் கூடாதல்லவா! இதை ஒழிப்பதும் அந்தத் தட்டியில் அடங்குமா?

வயல்காட்டிலும் இதே கதைதான். கூலியைக் குறைத்து, ஒரு குவார்ட்டரைக் கையில் வைத்து அனுப்பும் காண்டிராக்டர்கள் இருக்கிறார்கள். மதுவையும் தீங்கான போதைப் பொருளையும் எந்த நிலையிலும் கூலியாகக் கொடுக்கலாகாது என்று சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 1949லேயே விதி செய்தது.

அதே ஸ்தாபனம் 1995இல் ஜெனீவாவில் நிபுணர்களைக் கூட்டி, ஆலைகளில் குடி, போதைப் பிரச்னையைக் கையாள ஒரு நெறிமுறை வகுத்தது. அதன் சாரம் இதுதான்: இதை மற்ற நோய்களைப் போல நோயாகக் கருத வேண்டும், நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்தே திட்டம் வகுக்க வேண்டும், நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

1. சங்கமும் நிர்வாகமும் சேர்ந்த கமிட்டி வேண்டும். விதி மானேஜருக்கும் மேஸ்திரிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2. போதையில் வருபவரை அன்று இயந்திரத்தைத் தொட விடாமல் பத்திரமாக வீட்டில் சேர்க்க வேண்டும். பிறகு சிகிச்சை, சம்பளத்தோடு விடுப்பு. திரும்பி வரும்போது அவர் வேலை அவருக்கே இருக்க வேண்டும்.

3. டாக்டரோ நர்சோ இல்லாமல், பெயர் தெரியாத எந்த மாத்திரையும் ஆலைக்குள் கொடுக்கக் கூடாது.

4. தொடர் ஷிப்டு ஒழிய வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே எல்லை போட்டது. உடம்பைச் சக்கையாகப் பிழிந்துவிட்டுப் போதையை ஒழிப்போம் என்பது வெறும் பேச்சு.

இதில் நிர்வாகத்துக்கும் நஷ்டமில்லை. 18 வருஷம் பழகிய கையை விரட்டிவிட்டுப் புதுக் கையைப் பழக்குவதுதான் நஷ்டம்.

தோழர்களே! அடுத்த ஒப்பந்தப் பேச்சில் பஞ்சப்படியையும் போனசையும் எழுதும் அதே தாளில் இதையும் எழுதுவோம். அதுவரை, பக்கத்துத் தோழர் தள்ளாடினால் மறைக்கவும் வேண்டாம், காட்டிக் கொடுக்கவும் வேண்டாம். கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நாங்கள் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.