அசைவும் ஓசையும் நிறைவும்

ஆங்கில பாஷையைப் பல ஆண்டுகள் பயின்று, இலக்கணப் பிழையின்றி விண்ணப்பமும் கடிதமும் எழுதத் தேர்ந்துவிட்ட நம் மாணாக்கர்கள், ஒரு சந்தையையோ ஒரு மழையையோ அந்த பாஷையில் வர்ணிக்கப் புகுந்தவுடன் சொல்லற்றுத் தவிப்பதைக் காணுந்தோறும், இக்குறை போதனா முறையைச் சேர்ந்தது என்ற எண்ணமே நமக்கு உறுதிப்படுகிறது.

அவர்களுடைய வியாசங்களில் குழந்தையும் கிழவரும் காயம்பட்ட சிப்பாயும் ‘வாக்’ என்ற ஒரே சொல்லால்தான் நடக்கிறார்கள். பேதம் காட்ட வேண்டுமானால் ‘ஸ்லோலி’ என்றோ ‘வெரி ஸ்லோலி’ என்றோ ஓர் அடைமொழி வந்து சேருகிறது. தாய்மொழிப் பழக்கமே இதற்குப் பெரிதும் காரணம். தள்ளாடி நடந்தான், நொண்டி நடந்தான், விறுவிறுவென்று நடந்தான் என்று நடையின் விதத்தை வினைக்கு முன்னே வைப்பது தமிழின் இயல்பு. ஆங்கிலமோ விதத்தையும் வினையையும் பெரும்பாலும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. களைத்த கால்களை இழுத்துக்கொண்டு சேற்றில் நடப்பது ‘டிரட்ஜ்’. அவசரமின்றிக் காற்று வாங்க நடப்பது ‘ஸ்ட்ரோல்’. அடி தடுமாறிச் சாய்ந்து சாய்ந்து நடப்பது ‘ஸ்டாகர்’. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பது ‘லிம்ப்’.

ஓசையிலும் இதே கதைதான். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது என்று நாம் இரண்டு வினைகளால் சொல்வதை, ‘க்ரீக்’ என்ற ஒலிச்சொல்லையே வினையாக்கி, அதன்பின் ‘ஓப்பன்’ என்ற சிறு சொல்லை வைத்து ஆங்கிலம் முடித்துவிடுகிறது. நிறைவைக் குறிக்கும் சொற்களோ இன்னும் நுட்பமானவை. பாத்திரத்தின் விளிம்பு வரை பாலும், இமையின் விளிம்பு வரை கண்ணீரும் தளும்புவது ‘பிரிம்’. குளத்தில் மீன்கள் மொய்ப்பது ‘டீம்’. காய்ப் பாரத்தால் தாழ்ந்த மாங்கிளை ‘லேடன்’. மூட மறுக்கும் பெட்டியில் மேலும் துணியை அமுக்குவது ‘கிராம்’. நிறைந்திருப்பது நீரா, உயிரா, சுமையா என்று பார்த்தறியாதவனுக்கு இவை யாவும் ‘ஃபுல்’ என்ற ஒற்றைச் சொல்லாகவே தோன்றும்.

இத்தகைய சொற்களைக் காட்சியோடு சேர்த்துக் கற்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1813 முதல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞராயிருந்த ராபர்ட் சௌதி, தாம் வாழ்ந்த கெஸிக் நகருக்கு அருகிலுள்ள லொடோர் அருவியைப் பற்றித் தம் குழந்தைகளுக்காக 1820-இல் ஒரு பாட்டு எழுதினார். மலைச்சுனையில் ஊறும் நீர் ஓடையாகிப் பாறைகளில் விழுந்து இறங்கும் வழி நெடுக, அசைவையும் ஓசையையும் குறிக்கும் வினைகளை அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலில் இரண்டிரண்டாக வரும் சொற்கள், நீர் வேகங்கொள்ளக் கொள்ள மும்மூன்றாகவும் நான்கு நான்காகவும் பெருகி, அடிகளும் நீண்டு விடுகின்றன. அத்தனை சொற்களையும் மனப்பாடத்துக்கென்று தனியே தந்திருந்தால் எந்தக் குழந்தையும் சலித்திருக்கும். கண்முன் ஓர் அருவி இருந்தமையால் ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது.

இதற்கு மாறாக, 1930-இல் ஆக்டன் என்பவர் வகுத்தளித்த ‘பேஸிக் இங்கிலீஷ்’, 850 சொற்களுக்குள் பதினெட்டே வினைகளைக் கொண்டு காரியங்களை முடிக்க வழி காட்டியது. அயல்நாட்டார் விரைவில் கற்று வேலை நடத்துவதற்கு அது சிறந்த உபகாரமே. ஆயினும் அந்த எல்லையிலேயே நின்றுவிடுகிற மாணாக்கன், ஆங்கில வினைகளில் பொதிந்துள்ள நுண்ணிய அவதானத்தை இழந்துவிடுகிறான். 1852-இல் வெளிவந்த ரோஜெ என்பவரின் ஆங்கிலச் சொற்களஞ்சியமோ பொருளொற்றுமையுள்ள சொற்களை அருகருகே நிறுத்தும். ஆனால் அவற்றுள் எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பதை, ஹார்ன்பி என்பவரின் ஆங்கில அகராதியைப் போலக் கற்போருக்கென்றே இயற்றப்பட்ட அகராதிகளின் உதாரண வாக்கியங்களில்தான் தேட வேண்டும்.

ஆகவே, சொற்பட்டியலை ஒப்புவிக்கச் சொல்வதற்கு முன்பு, மாணாக்கரை ஜன்னலருகே நிறுத்தித் தெருவில் போகிறவர்களின் நடையைப் பார்க்கவும், சக்கரத்தின் ஓசையைக் கேட்கவும், கூடையில் காய்கள் எவ்வாறு நிறைந்திருக்கின்றன என்று தமிழிலேயே எடுத்துரைக்கவும் உபாத்தியாயர்கள் பழக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அவ்வாறு கூர்ந்து நோக்கியவனுக்கு அதற்குரிய ஆங்கிலச் சொல்லை ஒருமுறை சொன்னால் போதும், அது அவனுடைய சொந்தச் சொல்லாகிவிடும். தமிழிலும் அவன் முன்னைவிடத் தெளிவாக எழுதுவான் என்பது நமது திடமான நம்பிக்கை.